சோத்தாங்கைப் பக்கம் சிவப்பு

அத்தியாயம் 6

"ஓடிப்போன மனுசனத் தேடுறதுக்கு ரெண்டு பேரு எதுக்குங்க மிஸ்? நல்ல சோறு கெடைக்காட்டி அவரே வருவாரு. அன்னைக்கு நான் கேக்க வேண்டியதக் கேட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டு விஜயகலா அடுப்படிக்குள் போனாள். கோபமாகத்தான் சொன்னாள். அந்தக் கோபத்தைக் கேட்க அந்த லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் வேறு யாரும் இல்லாததால், வந்த இரண்டு பேரும் அதை முழுதாக வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

வந்தவர்களில் ஒருத்தி ஸுமைரா. இரத்தினபுரியில் மோட்டார் உதிரிப்பாகக் கடை ஒன்றின் மேல்மாடியில் 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டி உட்கார்ந்திருப்பவள். பலகையைப் பார்த்து ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் கீழே கிடைக்காத கிளட்ச் கேபிளைத்தான் அவளிடம் கேட்பார்கள். மற்றவன் தினேஷ், எஹலியகொடப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அவளுக்கு உதவியாளன், ஓட்டோ சாரதி, கேட்காமலே கருத்துச் சொல்லும் ஆள். மூன்றாவது வேலைக்குத்தான் அவன் அதிகம் பாடுபடுவான்.

"மிஸ், நம்ம கண்டுபுடிச்சுக் குடுத்தா இந்த அக்கா ஒதைக்கத்தான் போறாங்க," என்றான் தினேஷ் குரலைத் தாழ்த்தி. "அந்தாளு உசுரோட இருக்கட்டும்னு விட்டுட்டுப் போயிருவோமா?"

"வாயப் பொத்திக்கிட்டு ஈக்க ஏலாதா உங்களுக்கு?"

"ஏலும் மிஸ். பழக்கமில்ல."

அவர்களிடம் தேடச் சொன்னவள் விஜயகலா அல்ல. காணாமல் போன அவள் புருஷன் யோகராஜின் தங்கை நிரோஷா. கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். எங்க அண்ணன் கோவிச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக்குக்கூட போகாத ஆளு என்று போனில் அழுதவள் அவள்தான்.

கஹவத்தையிலிருந்து மேலே ஏறினால் வரும் அந்தத் தோட்டத்துக்குக் காகிதத்தில் ஹெதர்வேல் என்று பெயர். சனங்களின் வாயில் நாவக்காடு. மின்சாரத்துக்காக ஆற்றை மறித்தபோது கீழ்க்கணக்கு, அதாவது தோட்டத்தின் கீழ்ப்பிரிவு, முழுதாக நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. பழைய தேயிலை ஸ்டோர் நின்ற மேடு மட்டும் தண்ணீர் நடுவே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அக்கரையில் கடை, பஸ் ரோடு, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. இக்கரையில் மிஞ்சியது இந்த ஒரு லயம். ரோட்டால் சுற்றிப் போனால் முதுகெலும்பு கழன்றுவிடும் என்பதால் தோட்டத்துச் சங்கம் ஒரு மோட்டார் படகு வைத்திருந்தது. அதை ஓட்டியவன் யோகராஜ்.

ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் அந்திக்குப் பிறகு அவன் வீடு வரவில்லை. மறுநாள் காலையில் படகு அக்கரைத் துறையில் ஒழுங்காகக் கட்டப்பட்டுக் கிடந்தது. துறையடிக் கடைக்காரன் கிருஷாந்த், யோகராஜ் ஒரு பையோடு கொழும்பு பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாகச் சொன்னான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெண் இருந்ததாக வாரக் கடைசியில் நினைவு வந்தது அவனுக்கு. அதற்குப் பிறகு விஜயகலாவுக்குப் பெயரே மாறிவிட்டது. ஓடிப்போனவன் பொண்டாட்டி. அடுத்த காம்பரா மூக்காயி முதற்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் எல்லாரும் பேசாமலே இருந்துவிட்டார்கள். அவன் வருவான் என்று காத்திருக்க அவளுக்கு மனமில்லை. வரமாட்டான் என்று அழவும் வழியில்லை. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு பெண் எத்தனை நாளைக்குத்தான் ஒரு வீட்டுக்குள் இருப்பாள்?

பிளேன்டீ வந்தது. ஸுமைரா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்களே கண்ணால கண்டீங்களாமே. என்ன கண்டதுன்னு ஒருக்கா சொல்ல ஏலுமா?"

"எத்தன பேருக்குச் சொல்றது மிஸ்." ஆனாலும் வாசலுக்கு வந்து தண்ணீரைக் காட்டிச் சொன்னாள். "புது சட்டமாம். இருட்டினதுக்குப் பொறகு ஓட்டுறதுன்னா போட்டுக்கு லைட்டு இருக்கணுமாம். அது வரைக்கும் டோர்ச்சுதான். இன்னைக்கு லைட்டு பூட்டிக்கிட்டு வாறேன், வெளிய நின்னு பாருன்னு காலையில சொல்லிட்டுப் போனாரு. நானும் இந்த எடத்துலதான் நின்னேன். நல்லா இருட்டினப் பொறகு நடுத் தண்ணியில வெளிச்சம் தெரிஞ்சிச்சு. மேல ஒரு வெள்ள. கீழ ஒரு செவப்பு, ஒரு பச்ச."

"பொறகு?"

"பொறகென்ன. செவப்பு தெரிஞ்சா என்ன அர்த்தம்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். முதுகக் காட்டிக்கிட்டுப் போறாருன்னு அர்த்தம். பாதி தூரம் வந்து, இந்த லயத்தப் பாத்திட்டு, வேணாம்னு திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை ஒன்றும் இல்லை. "நான் உள்ள வந்து கதவச் சாத்திட்டேன்."

"பச்ச எதுக்குன்னு நெனச்சீங்க அக்கா?" என்றான் தினேஷ்.

"அலங்காரம்னு நெனச்சேன். வெசாக் பண்டிக நேரத்துல கலர் பல்பு பாக்கப் போனா அந்தாள வீட்டுக்கு இழுத்துக்கிட்டு வர ஏலாது."

"செவப்பு உங்களுக்கு எந்தக் கைப் பக்கம் தெரிஞ்சிச்சு?" என்று ஸுமைரா கேட்டாள்.

விஜயகலா கண்ணை மூடி யோசித்தாள். பிறகு வலது கையைத் தூக்கினாள். "சோத்தாங்கைப் பக்கம். பச்ச இந்தப் பக்கம்."

"லைட்டப் பத்தி வேற ஏதும் சொல்லிக்கிட்டு இருந்தாரா?"

"போட்டு ஓட்டுறவங்களுக்கு எங்கயோ கிளாஸ் வச்சாங்கன்னு போயிட்டு வந்தாரு. வந்ததுல இருந்து ஒரே புலம்பல். வெத்தலக் கன்னம் செவப்பு, கவ்வாத்துக் கையி பச்ச. சாப்புடும்போதும் அதான், படுக்கும்போதும் அதான். வெத்தலய அவரு இடது கன்னத்துலதான் ஒதுக்குவாரு. முந்தி தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுறப்ப கத்தி புடிச்சது வலது கையி. எனக்கென்னமோ வெளையாட்டா இருந்திச்சு."

ஸுமைரா கோப்பையைக் கீழே வைத்தாள். எங்கேயோ ஒன்று இடித்தது. எங்கே என்று சட்டென்று பிடிபடவில்லை. நிச்சயமில்லாத ஒன்றை இந்தப் பெண்ணிடம் சொல்லி வைக்கவும் அவளுக்குத் துணிவில்லை. அந்தியில் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அக்கரைக்குச் சுற்றிப் போகிற ரோட்டில் மத்தியான மழைக்குப் பிறகு மூட்டம் இறங்கியிருந்தது. முன்னால் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது.

"பாருங்க மிஸ், அவனுக்குப் பின்னுக்கு ரெண்டு செவப்பும் எரியுது. நம்மளுக்கு ஒண்ணுதான். பின்னுக்கு வர்றவன் மோட்டர் சைக்கிள்னு நெனச்சு மரியாத குடுக்குறதே இல்ல." வளைவில் லொறி நின்றது. தினேஷும் பிரேக் பிடித்தான். "செவப்பு தெரியிற வரைக்கும் நல்லது. அந்தாளு முன்னுக்குப் போறான்னு அர்த்தம். வெள்ள தெரிஞ்சாத்தான் வெவகாரம். நம்மள நோக்கி வாறான்."

"தினேஷ். நிப்பாட்டுங்க."

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கு மிஸ்."

"லொறிக்குத்தான் அந்தக் கணக்கு. போட்டுக்கு இல்ல."

கல்யாணமான புதிதில் புருஷன் அஸீஸ் ஸுமைராவைக் கொழும்புக் கடற்கரை காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். இஸ்ஸு வடை தின்றுகொண்டே, இருட்டில் தெரிகிற கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று அவளோடு பந்தயம் கட்டினான். அவள் எல்லாப் பந்தயத்திலும் தோற்றாள். பிறகு அவனே சொல்லிக் கொடுத்தான்.

"கேளுங்க தினேஷ். இஞ்சின்ல ஓடுற எந்தப் போட்டா இருந்தாலும் இடது பக்கம் செவப்பு, வலது பக்கம் பச்ச. ரெண்டுக்கும் மறைப்பு வச்சுத்தான் பூட்டுவாங்க. நேர் முன்னுக்கு நிக்கிறவனுக்கும் அந்தந்தப் பக்கத்துல நிக்கிறவனுக்கும் மட்டுந்தான் தெரியும். பின்னுக்கு நிக்கிறவனுக்கு ரெண்டும் தெரியவே கூடாது. அதுதான் சட்டம். பின்னுக்கு ஈக்கிறவனுக்குத் தெரியிறது வெள்ள ஒண்ணு மட்டுந்தான்."

தினேஷ் ஹேண்டிலை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தான். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். "அப்ப ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா?"

"மூக்கு நேரா உங்களப் பாத்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம்."

"அப்ப அந்தாளு போகல்ல." அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "வந்துகிட்டு இருந்தாரு."

ஸுமைரா தலையாட்டினாள். போகிற கப்பலுக்கு ஒரே ஒரு வெள்ளை விளக்கு. அஸீஸ் முதல் தடவை போனபோது அதைத்தான் அவள் கண்டாள், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதைத்தான். இப்போது அதைப் பார்க்கக்கூட அவள் போவதில்லை. வாரத்துக்கொரு தடவை, எந்தக் கடலோ தெரியாத இடத்திலிருந்து பாதியில் அறுந்து போகிற ஒரு குரல் வரும். ராத்திரிச் சோற்றை ஒரு ஆளுக்கு அளந்து போட அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது. பழகியதே அவளுக்குக் கவலையாகவும் இருந்தது.

"மிஸ், ஒரு பிரச்சின," என்றான் தினேஷ், லொறிக்குப் பின்னால் மறுபடி ஏறிக்கொண்டே. "அந்த லைட்டப் பூட்டிக் குடுத்தவன் என்ன மாதிரி ஒரு ஓட்டோக்காரனா இருந்தா? பின்னுக்குச் செவப்பு, முன்னுக்கு வெள்ளன்னு அடிச்சிருப்பான். அப்ப அந்தக்கா சொன்னதுதான் சரி. அவரு போயிட்டாரு."

அவன் சொன்னது நியாயம். சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒன்று, அந்தப் படகில் விளக்கு எங்கே இருந்தது என்பது வேறு. "வாங்க, போட்டப் பாப்பம்," என்றாள் ஸுமைரா.

படகு துறையில் ஒரு மரக்கட்டையில் கட்டிக் கிடந்தது. தினேஷ் அதைச் சுற்றி நடந்துவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் நின்றான். அவன் பேசாமல் நின்றால் செய்தி நல்லதில்லை. ஸுமைரா போய்ப் பார்த்தாள். மூக்கில் வெள்ளை விளக்கு. பின்னால், இஞ்சினுக்கு மேலே, தெளிவாக ஒரு சிவப்பு விளக்கு. அச்சு அசல் லொறி.

"நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்," என்றான் தினேஷ்.

அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். யாரோ ஒருவன் யாரோ ஒருத்தியை விட்டுப் போனதற்கு இவளுக்கு என்ன வந்தது? யாராவது ஒருத்தன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான் என்று நிரூபித்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டுவிட்டாள். துப்பறிகிறவளுக்கு அது கெட்ட பழக்கம்.

"ஒண்ணு கவனிச்சீங்களா மிஸ்," தினேஷ் படகின் மூக்கைத் தட்டினான். "ஒடம்பு பூரா பாசி. மூஞ்சியில மட்டும் புதுப் பெயின்ட். போட்டுக்கும் பியூட்டி பார்லர் வந்திருச்சு போல."

துறைக்கு மேலே கிருஷாந்தின் கடை. வாசலில் மணல் ஏற்றுகிற டிப்பர் லொறி நின்றது. அதுவும் அவனுடையது. பஸ்ஸுக்கு நின்ற சிலர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தார்கள். ஸுமைரா உள்ளே போய் இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கிருஷாந்த் நல்ல உபசரிப்புக்காரன். மேசையைத் தானே துடைத்தான், சீனி வேறாகக் கொண்டு வந்து வைத்தான்.

கடைக்குள் வெளிச்சம் குறைவு. மூலையில் முருகன் படம் ஒன்று, அதற்கு மேலே ஒரு பச்சை விளக்கு. பழைய மோட்டர் சைக்கிள் பெற்றரியிலிருந்து வயர் போயிருந்தது. ஸுமைரா சும்மாதான் பார்த்தாள். பிறகு சும்மா பார்க்க முடியவில்லை. ஒரு பக்கத்துத் தட்டில் இருந்த பிஸ்கட் டின் எல்லாம் பச்சை பச்சையாக மின்னின. அடுத்த பக்கத்துத் தட்டில் சவர்க்காரக் கட்டிகள் இருந்த இடம் கும்மிருட்டு. முருகனுக்குக்கூட பாதி முகத்துக்குத்தான் வெளிச்சம் விழுந்தது.

"தினேஷ்," என்றாள் மெதுவாக, "சாமிக்கு வைக்கிற லைட்டு எப்படி எரியும்?"

"நாலு பக்கமும் எரியும் மிஸ். சாமிக்கு எதுக்கு ஓரவஞ்சன?"

"அத ஒருக்கா பாருங்க."

தினேஷ் பார்த்தான். விளக்கின் ஒரு பக்கத்தைக் கறுப்புத் தகடு ஒன்று அடைத்திருந்தது. அவன் டீயை மெதுவாகக் கீழே வைத்தான். "நேர் முன்னுக்கும் ஒரு பக்கத்துக்கும் மட்டும்," என்று முணுமுணுத்தான். "பின்னுக்குத் தெரியக்கூடாது."

ஸுமைரா கடைக்காரனைப் பார்த்துச் சிரித்தாள். "கிருஷாந்த், இந்த யோகராஜ் போட்டுக்கு லைட்டு பூட்டின விதம் நல்லா ஈக்கி. ஆருக்கிட்ட செஞ்சாரு?"

"அவரேதான் மிஸ் பூட்டினாரு. நான்தான் பக்கத்துல இருந்து ஸ்குரு புடிச்சுக் குடுத்தேன்." கேட்ட கேள்வி சுலபமாக இருந்ததில் அவனுக்குச் சந்தோஷம். "முன்னுக்கு வெள்ள, பின்னுக்குச் செவப்பு. சட்டப்படி."

"ரெண்டே ரெண்டு லைட்டுத்தானா?"

"ரெண்டுதான் மிஸ்."

"பச்ச?"

"பச்ச எதுக்கு மிஸ்? எந்த வாகனத்துல பச்ச லைட்டு இருக்கு?"

"மெய்தான்," என்றாள் ஸுமைரா. "எந்த வாகனத்துலயும் இல்ல. போட்டுல மட்டுந்தான் ஈக்கி. யோகராஜ் கிளாஸுக்குப் போய் அதப் படிச்சுக்கிட்டு வந்தவரு. இடது செவப்பு, வலது பச்சன்னு தூக்கத்துலயும் சொன்னவரு. அவரு செவப்பக் கொண்டு போய் இஞ்சினுக்கு மேல பூட்டுவாரா? அவரு பொஞ்சாதி அன்னைக்குப் பச்சயும் கண்டவங்க. இன்னைக்குப் போட்டுல பச்ச இல்ல. அத மாத்திப் பூட்டினது லொறி ஓட்டுற ஒரு ஆளு. வெள்ளைக்கும் செவப்புக்கும் எடம் தெரிஞ்சிச்சு. பச்சைக்கு எடம் தெரியல்ல. புதுசு வேற, தூக்கிப் போட மனசும் வரல்ல. கொண்டு வந்து முருகனுக்குக் குடுத்தாச்சு."

கிருஷாந்த் மூலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவன் பட்ட பாட்டை வாங்கில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். பணிஸ் தின்கிற சத்தம் நின்றுவிட்டது.

"சந்தையில வாங்கினது மிஸ்."

"ஒரு பக்கம் மட்டும் எரியிற சாமி லைட்டு எந்தச் சந்தையிலண்ணே?" என்றான் தினேஷ். "எங்கம்மாவுக்கும் ஒண்ணு வாங்கணும். சொன்னா புண்ணியமாப் போகும்."

கிருஷாந்த் சீனி மூட்டையின் மேல் உட்கார்ந்தான். யாரும் அதட்டவில்லை, யாரும் கையை ஓங்கவில்லை. ஒரு மாதமாக அந்தப் பச்சை விளக்கை காலையும் மாலையும் ஏற்றி ஏற்றி அவனும் களைத்துப் போயிருந்தான்.

"வேணும்னு செய்யல்ல மிஸ்," என்றான் கடைசியில். "தண்ணிக்குள்ள மணல் எடுக்குற தெப்பம் எனக்கு ஒண்ணு இருக்கு. களவாத்தான். அதுனால லைட்டு போடுறது இல்ல. அன்னைக்கு நானும் தனியா நடுத் தண்ணியில நின்னுக்கிட்டு இருந்தேன். அவருக்கு என்னத் தெரியல்ல."

"உங்களுக்கு அவரத் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு."

"பின்ன ஏன் விலகல்ல?"

அவன் தலையைத் தூக்கினான். அந்தக் கேள்வியை அவன் தனக்குத் தானே எத்தனையோ தடவை கேட்டிருப்பான் என்று முகத்தில் தெரிந்தது.

"செவப்பு தெரிஞ்சிச்சு மிஸ். அங்கிட்டுப் போறாருன்னு நெனச்சேன். போற போட்டுக்கு எதுக்கு ஒதுங்கணும்? சும்மா நின்னேன். கிட்ட வரத்தான் சத்தம் கேட்டிச்சு. கத்துறதுக்குள்ள மோதிடுச்சு. தலையில அடி. தூக்கி எடுக்கக்குள்ள உசுரு இல்ல. போட்டு மூக்கும் ஒடைஞ்சு லைட்டெல்லாம் கழன்டிருந்திச்சு, விடியிறதுக்குள்ள நான்தான் ஒட்டிப் பூட்டினேன்."

ஸுமைரா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே இரவில், ஒரே விளக்கை, கரையிலிருந்து விஜயகலாவும் தண்ணீரிலிருந்து இவனும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே பிழையைத்தான் விட்டிருக்கிறார்கள். லொறியையும் பஸ்ஸையும் தவிர வேறு எதுவும் அறியாத மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு அந்தப் பிழை வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் பிழையில்லை. தெரிந்தே செய்தது. உடைந்த மூக்கை ஒட்டிப் பெயின்ட் அடித்தது, பஸ்ஸில் ஏற்றி விட்டது, பக்கத்து சீட்டில் ஒரு பெண்ணை உட்கார வைத்தது.

"எங்க வச்சிருக்கீங்க அவர?" என்று கேட்டாள்.

"ஸ்டோர் மேட்டுல. ராவோட ராவா பொதைச்சேன். ஒரு கல்லு வச்சிருக்கேன் மிஸ். எடம் மறந்துறக் கூடாதுன்னு."

தினேஷ் வெளியே போய்ப் பொலிஸுக்குப் பேசினான். பஸ் வந்தது. ஒருவரும் ஏறவில்லை.

பொலிஸ் வந்து, கேட்டு, எழுதி, மேட்டுக்கு விடிந்ததும் போவதாகச் சொல்லி அவனை ஏற்றிக்கொண்டு போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் தினேஷ் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் வாயை மூடச் சொல்கிற ஸுமைராவுக்கு அன்று அவன் ஏதாவது உளறினால் தேவலை என்றிருந்தது. ஓடிப்போனான் என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கு மானம் போகும், புருஷன் உயிரோடு இருப்பான். வந்துகொண்டிருந்தான் என்று சொன்னால் மானம் திரும்பும், புருஷன் போய்விடுவான். இரண்டில் ஒன்றைத்தான் அவளால் கொடுக்க முடியும். அதைத் தெரிவு செய்கிற உரிமையும் அவளுக்கு இல்லை.

லயத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எல்லாக் கதவும் ஒருக்களித்துச் சாத்தியிருந்தன. விஜயகலா வாசலுக்கு வந்து இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எந்த ஊருல இருக்காராம்?" என்றாள்.

ஸுமைரா செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு நேர் எதிரே போய் நின்றாள். தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது வெத்தலக் கன்னம். உங்களுக்கு எந்தக் கைப் பக்கம் ஈக்கி?"

விஜயகலாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் பார்த்துச் சொன்னாள். "சோத்தாங்கைப் பக்கம்."

ஸுமைரா திரும்பி முதுகைக் காட்டி நின்றாள். "இப்ப?"

"இப்ப கன்னமே தெரியலியே மிஸ்."

"வெத்தலக் கன்னம் செவப்பு. போட்டுல இடது பக்கம் செவப்பு, வலது பக்கம் பச்ச. உங்களுக்கு அன்னைக்குச் செவப்பு சோத்தாங்கைப் பக்கம் தெரிஞ்சிச்சு, பச்ச மத்தப் பக்கம் தெரிஞ்சிச்சு." அவள் மறுபடி முகத்துக்கு முகம் திரும்பினாள். "முதுகக் காட்டிப் போற போட்டுல ரெண்டும் தெரியாது தங்கச்சி. நேரா உங்க முகத்தப் பாத்து வர்ற போட்டுலதான் தெரியும்."

விஜயகலா நெடுநேரம் அவளுடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை தானாக எழுந்து, காற்றில் அந்தச் சிவப்பு நின்ற இடத்தைத் தடவிப் பார்த்தது.

"அப்ப போகல்ல," என்றாள். "வந்துகிட்டு இருந்தாரு."

"ஓ. வீட்டுக்குத்தான் வந்துகிட்டு இருந்தாரு."

"பின்ன ஏன் வந்து சேரல?"

ஸுமைரா சொன்னாள். தெப்பத்தைச் சொன்னாள், மோதியதைச் சொன்னாள், மேட்டில் கல் வைத்த இடத்தைச் சொன்னாள். கிருஷாந்தும் சிவப்பைப் பார்த்துப் போகிறான் என்று நினைத்ததை மட்டும் இன்றைக்குச் சொல்லாமல் விட்டாள். அது கோர்ட்டில் வரும்போது வரட்டும்.

விஜயகலா நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பிறகு தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். ஓடிப்போனவனுக்கு எந்த லயத்திலும் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. செத்தவனுக்குத்தான் அது. செத்தவனாகவும் தன் வீட்டுக்காரனாகவும் அவன் அவளுக்கு அந்த நிமிஷம்தான் திரும்பக் கிடைத்திருந்தான். மார்பில் அடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் முழுதும் கேட்கும்படி குரலை எடுத்தாள்.

"நேரா வந்த ராசாவ... போறாருன்னு சொன்னேனே. வாசலுக்கு வந்தவர... வழியனுப்பி வச்சேனே..."

அடுத்த காம்பராவின் கதவு திறந்தது. மூக்காயி வெளியே வந்து ஒரு கணம் நின்று கேட்டாள். பிறகு ஓடி வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், விஜயகலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அடுத்த அடியை எடுத்தாள். அதற்கடுத்த கதவும் திறந்தது. ஸுமைரா செருப்பைத் தேடிக் கையில் எடுத்துக்கொண்டு, வருகிற பெண்களுக்கு வழிவிட்டுப் படியிறங்கினாள்.